நாற்றம் யாருடையது

மகன் பிறந்து ஐந்து மாதமாகிறது. அதில் நான்கு மாதம் நான் நாறினேன் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். இப்போது நினைத்தால் எரிச்சல் வருவது அதில்தான். மூக்கு என் முகத்திலேயே இருக்க, மற்றவர்களின் மூக்கைக் கேட்டு நடந்திருக்கிறேன்.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூத்திரம் போகும். தும்மினால் போகும், இருமினால் போகும், ஏணையிலிருந்து பிள்ளையைத் தூக்கக் குனிந்தால் போகும். சிரித்தாலும் போகும், ஆனால் அந்த வீட்டில் சிரிக்க அப்படி ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு சொட்டு, சில நாள் பாவாடை நனையும் அளவுக்கு. எனக்கு இருபத்து நான்கு வயது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன். என் இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது, அது எதனால் தாங்கப்படுகிறது என்று எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

பிள்ளை மூன்றே முக்கால் கிலோ. முக்கி முக்கி, கிழிந்து, தையல் போட்டு வீட்டுக்கு வந்தேன். வீடு என்றால் பேசாலையில் மாமியின், என் புருசனுடைய தாயின், வீடு. எனக்கென்று வங்காலையில் கட்டும் சீதன வீடு இன்னும் கூரை இல்லாமல் நிற்கிறது. அந்தக் கூரைக்காக அம்மா குவைத்தில் வேறு யாருடைய பிள்ளையையோ குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே என்னைக் குளிப்பாட்டியது மாமிதான்.

மாமியின் பெயர் றோஸ்மேரி. குறை சொல்லக் கூடாது, நாற்பத்தொரு நாளும் ஒரு நாள் தவறாமல் பார்த்தார். நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கிடாரம் நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து, கிணற்றடிக்குத் தனியே தூக்கிவந்து, தோல் சிவக்க வார்ப்பார். பிறகு பிள்ளை பெற்றவளுக்கென்று வைக்கும் சரக்குக் கறி. அதன் பிறகு வயிற்றுக்கட்டு. செத்துப்போன மாமாவின் நீலக்கரை வேட்டியை நான்காக மடித்து வயிற்றில் சுற்றி, ஒரு முனையை மாமியும் மறு முனையை என் மச்சாள், புருசனின் அக்கா, பிரான்சிஸ்காவும் பிடித்து, கரைவலை இழுப்பதுபோல இழுத்துக் கட்டுவார்கள். எனக்குக் கண் பிதுங்கும்.

"இறுக்கிக் கட்டாட்டி வயிறு தொங்கும். தொங்கினால் புருசன்மார் பக்கத்திலை வராங்கள்" என்பார் மாமி.

வயிறு தொங்கவில்லை. புருசன்தான் பக்கத்தில் வரவில்லை.

அந்தக் கெட்ட மணம் இரண்டாம் மாதம் தொடங்கியது. எங்கள் முற்றத்தில் எந்த நாளும் பரணில் கட்டாவும் திருக்கையும் கருவாடாகக் காய்ந்துகொண்டிருக்கும். அந்த மணம் எங்களுக்கு மணமே அல்ல. இது வேறு. இனிப்பும் அழுகலும் கலந்து, மூக்கில் ஏறி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சோறு தின்னும்போது வரும். செபம் சொல்லும்போது வரும். ஒரு நாள் பின்னேரம் மாமி எல்லாருக்கும் முன்னால் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"இது மூத்திர நாத்தம். எடி டிலோஜினி, உன்னிலை இருந்துதான் வருது."

இந்தக் கரையில் மூக்குக்குப் பெரிய மரியாதை உண்டு. அதிலும் மாமியின் மூக்கு பேர்பெற்றது. ஒரு கருவாட்டை முகர்ந்து எத்தனை நாள் உப்பில் கிடந்தது, மழை பட்டதா, படவில்லையா என்று சொல்லிவிடுவார். முதலாளிமாரே சாக்கை அவிழ்த்து அவருடைய மூக்குக்கு நீட்டுவார்கள். அப்படிப்பட்டவர் சொன்ன பிறகு வேறு யார் முகர்ந்து பார்க்கப்போகிறார்கள்? எனக்கு மூத்திரம் போவதும் அந்த வீட்டில் தெரிந்த விஷயம். கணக்கு முடிந்தது.

அன்றிலிருந்து நான் என்னைக் கழுவத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஆறு தரம். மீன் வெட்டிய கைக்கு நாங்கள் தேசிக்காய், எலுமிச்சைதான், பூசுவோம், எந்த வெடுக்கும் போய்விடும். நான் தேசிக்காயைத் தொடை இடுக்கில் பூசினேன். புண்ணில் புளி பட்டால் எப்படி இருக்கும் என்று ஆண்களுக்கு விளங்கப்படுத்த எனக்கு நேரமில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். பால் குறைந்தது. பிள்ளை வீரிட்டது. மணம் போகவில்லை. என் உடம்பை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. கிணற்றடியில் கண்ணை மூடிக்கொண்டு கழுவினேன்.

என் புருசன் மில்ரன் பாயைச் சுருட்டிக்கொண்டு வலைக்கொட்டிலுக்குப் போனான். அவன் கூடு வைத்து மீன் பிடிக்கிறவன். கூட்டுக்கு இரையாக அழுகிய சாளைத் தலைகளை ஒரு பீப்பாவில் போட்டு வைத்திருப்பான். மூடியைத் திறந்தால் புழு நெளியும். அதற்குள் முழங்கை வரை கையை விட்டு அள்ளுவான், அப்போது பாட்டு வேறு. பிறகு உடுத்த சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுப் பாண் தின்பான். அப்படிப்பட்டவனுக்கு என் பக்கத்தில் படுத்தால் வயிற்றைக் குமட்டுகிறதாம்.

"குளிச்சனியே?" என்று கேட்பான். அதைக் கேட்கும்போது அவன் மூக்கின் இரண்டு பக்கமும் சுருங்கும், மேலுதடு ஏறும். நான்கு மாதமாக நான் கண்ட அவன் முகம் அதுதான்.

இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் மகனுக்கு ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை என்று குறித்தாயிற்று. ஞானத்தாய் மச்சாள்தான். எங்கள் கோயிலில் ஞானத்தாய் பிள்ளையைத் தொட்டி வரை தூக்கிவருவாள். தொட்டிக்கு மேலே தலையைப் பிடிப்பது பெற்ற தாய். செவ்வாய்க்கிழமை மாமி ஒழுங்கைச் சொன்னார்.

"தொட்டியடியிலையும் பிரான்சிஸ்காவே பிடிக்கட்டும். நீ கடைசி வாங்கிலை இரு பிள்ளை. சுவாமியாருக்குப் பக்கத்திலை நிண்டு நாறினால் எங்களுக்கெல்லோ வெக்கம்."

மில்ரன் தலையாட்டினான். நான் பெற்ற பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது நான் கடைசி வாங்குப் பலகையில். எனக்கு அழுகை வரவில்லை, பத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் என்ன சொல்வது? நாறுகிறவள் நான்.

வியாழக்கிழமை கிளினிக். பிள்ளையை நிறுத்து அட்டையில் குறித்துக்கொண்டிருந்த மிட்வைஃப், உயிலங்குளத்துத் தக்சிகா மிஸ், நான் நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன, அகட்டி அகட்டி நடக்கிறியள்?" என்று கேட்டார். அவ்வளவுதான். வாயைத் திறந்தேன், எல்லாம் வந்துவிட்டது. அவர் கதவைச் சாத்திவிட்டு என்னைப் படுக்கவைத்துப் பார்த்தார்.

"ஐயோ, இதென்ன தோலெல்லாம் உரிஞ்சுபோய்க் கிடக்கு? என்ன பூசினனீங்கள்?"

"தேசிக்காய்."

"மீனுக்குப் பூசுறதை உங்களுக்குப் பூசினனீங்களோ?" அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஐந்து மாதத்தில் எனக்காக ஒருவர் கோபப்பட்டது அன்றுதான்.

பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விளங்கப்படுத்தினார். கீழே ஒரு தசை இருக்கிறதாம், ஏணைச் சீலை பிள்ளையைத் தாங்குவது போல மூத்திரப்பையையும் கருப்பையையும் தாங்குகிறது. பிள்ளை பெறும்போது அது இழுபட்டுத் தளர்ந்துபோகும். நிறையப் பேருக்குப் போகும், வெளியில் சொல்வதில்லை. வயிற்றை மேலால் இறுக்கிக் கட்டினால் பாரமெல்லாம் கீழேதான் போய் அழுத்தும்.

"வயித்திலை இனி ஒண்டும் கட்டாதேங்கோ. தண்ணி நல்லாய்க் குடியுங்கோ. இனி நான் சொல்லுறதைச் செய்யுங்கோ. மூத்திரத்தையும் காத்தையும் ஒருமிக்க அடக்கிற மாதிரி உள்ளுக்கை இழுத்துப் பிடியுங்கோ. ஐஞ்சு எண்ணுமட்டும். மூச்சை அடக்கக் கூடாது. இப்ப விடுங்கோ. பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூண்டு நேரம். இருமல் வரப்போகுதெண்டால், குனியப்போறியள் எண்டால், முதல் இழுத்துப் பிடிச்சுப்போட்டுக் குனியுங்கோ. மூண்டு நாலு மாசம் விடாமல் செய்யவேணும். ஆஸ்பத்திரியிலை பிசியோ மிஸ்ஸுக்கும் ஒரு துண்டு தாறன்."

துண்டை எழுதிக்கொண்டே, ஏதோ நினைவு வந்ததுபோல நிமிர்ந்தார்.

"அதுசரி, நாறுது நாறுது எண்டியள். உங்களிலை ஒரு மணமும் இல்லையே."

"மிஸ்?"

"இல்லை. மூத்திரம் கழுவினால் போயிடும். நீங்கள் சொல்லுற அழுகல் மணம் எண்டால் அது வேறை நோய் வருத்தம், உள்ளுக்கை புண் பட்ட மாதிரி. வீட்டிலை வேறை ஆருக்கும் ஏதும் வருத்தம் இருக்கோ?"

பஸ்ஸில் வரும்போது பிள்ளையின் தலைக்கு மேலால் வெளியே பார்த்தபடி பத்துத் தரம் இழுத்துப் பிடித்தேன். எனக்கு இன்னொரு வேலையும் கிடைத்துவிட்டது, வீட்டில் அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது.

வெள்ளிக்கிழமை காலை மில்ரன் கடலுக்குப் போன பிறகு நான் நாய் மாதிரி வீட்டை முகர்ந்துகொண்டு போனேன். என் பாயை முகர்ந்தேன். பால் மணம். ஏணைச் சீலை, பிள்ளை மணம். அலுமாரி, பூச்சி உருண்டை. மாமி இருக்கும் வயர் பின்னிய கதிரைக்குக் கிட்டக் குனிந்தேன். அவ்வளவுதான், அண்ணத்தில் ஒட்டியது. முகத்தை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். அதுவேதான். நான்கு மாதம் என் பேரில் இருந்த நாற்றம், அந்தக் கதிரையில் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

அங்கிருந்து பரண் பக்கம் போனேன். பரணுக்குக் கீழே, உப்புச் சாக்குகளுக்குப் பின்னால், ஒரு பழைய வாளி கவிழ்த்துக் கிடந்தது. நிமிர்த்தினேன். சீலைத்துண்டுகள். உருட்டி உருட்டி, முட்டை அளவில், மஞ்சளும் மண்ணிறமுமாய்க் கறை காய்ந்து விறைத்திருந்தன. இலையான்கள் ஈக்கூட்டமாய் எழும்பி என் வாயில் வந்து மோதின. ஒன்றில் நீலக்கரை தெரிந்தது. நாற்பத்தொரு நாள் என் வயிற்றைக் கட்டிய அதே வேட்டி, கிழிபட்டு. நான் பரண் காலைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் இருந்ததெல்லாம் சத்தி எடுத்தேன். எடுக்கும்போது மூத்திரமும் போனது. இரண்டு பக்கத்தாலும் வந்தது என்றால் சரி.

மாமி அந்நேரம் கடலில் நின்றார். மீன் கழுவ எங்களுக்குக் கரையிலேயே குழாய் இருக்கிறது. ஆனாலும் மாமி எப்போதும் கூடையை எடுத்துக்கொண்டு தொடை அளவு தண்ணீரில் இறங்கிவிடுவார். இந்த வயதிலும் கஷ்டமான வேலையைத் தானே எடுக்கிறாரே என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் மெச்சுவார்கள். நானும் மெச்சியிருக்கிறேன். கடலில் நிற்பவளின் பாவாடை எதனால் நனைந்தது என்று யார் கேட்பார்கள்?

ஈரச் சீலையோடு வந்தவர், வாளியையும் என்னையும் கண்டார். கூடையைத் தவறவிட்டார். கழுவிய மீனெல்லாம் மணலில் கொட்டியது.

"அதை ஏன் எடுத்தனீ?"

"இது என்ன மாமி?"

அவர் மீன்களைப் பொறுக்கத் தொடங்கினார். குந்தும்போது ஒரு கை கீழே போய்த் தாங்கிப் பிடித்ததை அப்போதுதான் கவனித்தேன். எத்தனை தரம் கண்டிருக்கிறேன், இடுப்பு நோவு என்று நினைத்துக்கொண்டு.

"இறங்கியிருக்கு" என்றார் கடைசியில். "பிள்ளைப்பை, கீழாலை. மில்ரன் பிறந்த நாளிலையிருந்து. மண்டபம் அகதி முகாமிலை பெத்தனான், ஆறாம் நாளே குடம் தூக்கித் தண்ணிக்கு வரிசையிலை நிண்டனான். அப்ப கொஞ்சந்தான். தள்ளிவிட்டால் ஏறிடும். இப்ப ஏறுதில்லை. சீலையை உருட்டி வைச்சால்தான் நிக்கும்."

"இப்ப எண்டால் எப்பயிருந்து?"

"உனக்குக் கிடாரம் தூக்கேக்கை. ஒருநாள் முழுக்க இறங்கிட்டுது."

என் தோல் சிவக்க ஊற்றிய அந்தத் தண்ணீர். ஒரு நாள்கூடத் தவறாமல். இரக்கம் வந்தது என்று சொன்னால் பாதிப் பொய். இரக்கத்துக்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது.

"உங்களின்ரை மணம் எண்டு உங்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் கருவாடு முகர்ந்து சொல்லுறனீங்கள், உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிஞ்சுகொண்டே என்னிலை போட்டனீங்கள்."

"நீ பிள்ளை பெத்தவள். உனக்குப் புருசன் இருக்கிறான். மணந்தாலும், பிள்ளைப்பெத்தவள் எண்டு விட்டிடுவினம்." அவர் ஒரு மீனை எடுத்து மணலைத் தட்டினார். "நான் புருசன் செத்த பொம்பிளை. எனக்குக் கீழாலை நாறுதெண்டால் என்ன கதைப்பினம்?"

"விட்டிடுவினமோ? உங்கடை மகன் நாலு மாசமாய்க் கொட்டிலிலை படுக்கிறார். நான் தேசிக்காயைப் பூசிப் பூசித் தோல் உரிஞ்சுபோய் நிக்கிறன். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். தேசிக்காய் முடிஞ்சபோது வாங்கித் தந்ததும் நீங்கள்."

அவர் வாளியைத் தன் பக்கம் இழுத்தார். இலையான்கள் இரைந்தன.

"ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிட முதல் நீங்களே உங்கடை வாயாலை சொல்லவேணும். இல்லாட்டி நான் சொல்லுவன்" என்றேன். அடுத்த நாள் அவர் இருந்த கதிரையை அவரே தேய்த்துக் கழுவினார். துண்டுகளை வாளியோடு சவுக்காரத் தண்ணீரில் ஊறப்போட்டு வேலி ஓரம் வைத்தார், வெட்ட வெளியில். நான் அதைப் பார்த்தேன் என்று காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிறு முதல் மணி அடித்தது. பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டாயிற்று. பிரான்சிஸ்கா மச்சாள் பொன் நிறச் சேலையில் வந்து, "கொண்டா" என்று இரண்டு கையையும் நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மில்ரன் புதுச் சேட்டின் தெறிகளை ஒவ்வொன்றாய்ப் பூட்டிக்கொண்டே என் பக்கம் வந்தான். மூக்குச் சுருங்கியது.

"இன்னும் மணக்குது. இண்டைக்கெண்டாலும் ஒழுங்காய்க் குளிச்சனியே?"

நான் மாமியைப் பார்த்தேன். அவர் செபமாலையைப் பார்த்தார். ஒரு மணியை உருட்டினார், இன்னொரு மணியை உருட்டினார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அது நான்" என்றார், நிலத்தைப் பார்த்து.

"என்ன நீங்கள்?"

"மணம் என்ரை, தம்பி. அவளின்ரை இல்லை. எனக்குக் கீழாலை இறங்கிப் புண்பட்டுக் கிடக்கு. நான்தான் அவளிலை பழியைப் போட்டனான்."

மில்ரன் தாயைப் பார்த்தான். மூக்கின் இரண்டு பக்கமும் சுருங்கின, மேலுதடு ஏறியது. இரண்டு அடி பின்னால் வைத்தான்.

"சீ" என்றான்.

மச்சாள் நீட்டியிருந்த கையை இழுத்துச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு நாளாக நான் காத்திருந்தது இதற்குத்தான். அந்த முகத்தை அவன் வேறு யாரிடமாவது காட்டவேண்டும், நான் நின்று பார்க்கவேண்டும். பார்த்தேன். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. வாளியை நிமிர்த்தியபோது வந்ததைவிடப் பெரிய குமட்டல் வந்தது. இந்த வயிற்றுக்குள்ளிருந்துதானே நீ வந்தாய், அதைத் தாங்கிய தசைதானே கிழிந்து தொங்குகிறது, அதைப் பார்த்தா சீ என்கிறாய்? ஆறாம் நாள் குடம் தூக்கியவளைப் பார்த்தா?

"இஞ்சை கையைக் காட்டுங்கோ" என்றேன்.

"என்ன?"

"உங்கடை கையை. நேற்று விடிய எந்தக் கையாலை புழுப்பிடிச்ச இரையை அள்ளினனீங்கள்? இதாலைதானே? பிறகு அதாலைதானே பாண் திண்டனீங்கள்? அது நாறேல்லை. அம்மா நாறுறா. நான் நாறுறன்."

"டிலோ, மணி அடிச்சிட்டுது, இப்ப ஏன்..."

"வேலியடியிலை வாளி இருக்கு. அம்மான்ரை துண்டுகள். கழுவிக் கொடியிலை போட்டிட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு கோயிலுக்குப் போவம். இல்லையெண்டால் இண்டைக்கு என்ரை பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை. சுவாமியாருக்கு நான் காரணம் சொல்லுறன், சபைக்கும் சேத்துச் சொல்லுறன்."

"சனம் பாக்கும்."

"பாக்கட்டும்."

மாமி, "வேண்டாம் பிள்ளை, ஆம்பிளைப் பிள்ளை, அவனை விடு" என்றார். எனக்கு அவர்மேல்தான் திரும்பவும் கோபம் வந்தது. "நீங்கள் பேசாமல் இருங்கோ மாமி" என்றேன்.

நான் பிள்ளையோடு அந்த வயர் கதிரையில் போய் இருந்தேன். எழும்புவதாக இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. புதுச் சேட்டைக் கழற்றினான். வேலியடிக்குப் போனான். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் நின்று பார்த்தார்கள். முதல் துண்டை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினான். ஓங்காளித்தான். இரண்டாவதையும் இரண்டு விரலால் எடுத்தான். மூன்றாவதிலிருந்து முழுக்கையையும் விட்டான். ஒருவன், "என்னடா மில்ரன், பெருநாள் உடுப்பே தோய்க்கிறாய்?" என்று கேட்டான். மில்ரன் அடுத்த துண்டை எடுத்தான். நீலக்கரைத் துண்டு வந்தபோது மட்டும் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். தகப்பனின் வேட்டியை அவனுக்குத் தெரியும். பிறகு அதையும் பிழிந்து கொடியில் போட்டான்.

இரண்டாம் மணியும் அடித்து முடிந்த பிறகுதான் போனோம். மாமி கோயில் வாசலில் நின்று, "நான் கடைசி வாங்கிலை இருக்கிறன்" என்றார்.

"முன் வாங்கு" என்றேன். "நாளைக்கு விடிய ஆஸ்பத்திரிக்கும் வாறியள்."

"உனக்கு என்னிலை கோபம் போகேல்லையே?"

"போகேல்லை."

அவர் முன் வாங்கில் வந்து இருந்தார். பக்கத்தில் இருந்த பெண் மூக்கை உறிஞ்சிவிட்டுத் தள்ளி இருந்தாள். மாமி தள்ளவில்லை.

தொட்டியடியில் மச்சாள் பிள்ளையை என் கையில் வைத்தார். சுவாமியார் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தார். பிள்ளையின் தலையைத் தொட்டிக்கு மேலே நீட்டிப் பிடிக்க நான் குனிய வேண்டும். குனிய முன் இழுத்துப் பிடித்தேன், மூச்சை அடக்காமல். ஒன்று, இரண்டு, மூன்று. தலையில் தண்ணீர் பட்டதும் அவன் வீரிட்டு, காலால் என் வயிற்றில் ஓங்கி உதைத்தான். மூத்திரம் பாதி நின்றது, பாதி என் கால்வழியே இறங்கி கோயில் நிலத்தில் சொட்டியது. பக்கத்தில் நின்ற மில்ரன் குனிந்து நிலத்தைப் பார்த்தான். நான் பிள்ளையின் தலையை விடவில்லை.